போர்வீரரின் தோழி

போரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களிற் பெரும்பாலானவை களத்தில் நின்ற ஆடவர் எழுதியவை. அல்லது களத்துக்கு வெகு தொலைவிலிருந்து தேசப்படங்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்த வரலாற்றறிஞர் எழுதியவை. இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாவது சாரார் ஒருவரும் உளர். மகனையோ, உடன்பிறந்தானையோ, காதலனையோ, நண்பனையோ வழியனுப்பிவிட்டுத் தபாற்காரனின் வரவை எதிர்நோக்கி வாயிலில் நின்ற பெண்களே அவர்கள். அவர்களுட் பலர் எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த சிலருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் வீரா பிரிற்றன் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

முதலாம் உலகப் போர் 1914இல் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது. 1918இல் அது முடிந்தபோது வயது இருபத்துநான்கு. இந்த நான்காண்டுக் காலத்திலேயே அவர் பேதைப் பருவத்து எண்ணங்களைக் களைந்து முதிர்ந்த பெண்ணானார். அவரை அவ்வாறு வளர்த்தவர்கள் பெற்றோருமல்லர், பல்கலைக்கழக ஆசிரியருமல்லர். நான்கு இளம் போர்வீரரும், அவர்களையடுத்து வைத்தியசாலைக் கட்டில்களிற் கிடந்த பெயரறியாப் போர்வீரர் பலருமே அவருக்கு ஆசிரியராய் அமைந்தனர். போருக்கு முந்திய வீரா ஓர் இளம் பெண்; ஆதலால் அந்நாளைய நிகழ்ச்சிகளைச் சொல்லுமிடத்து 'அவள்' என்றே குறிப்பிடுவது பொருந்தும்.

வீரா 1893 டிசம்பர் 29ஆம் நாள் பிறந்தாள். தந்தையார் கடதாசித் தொழிற்சாலை உடையவர், பணத்துக்குக் குறைவில்லை. குடும்பம் டார்பிசயர் மாகாணத்து மலைப்பாங்கான பக்ஸ்ரன் என்னும் நகரில் வாழ்ந்தது. உடன்பிறந்தவன் எட்வேட் ஒருவனே. அவளுக்கு ஏறக்குறைய இரண்டு வயது இளையவன். அமைதியானவன், வயலின் வாசிப்பதிற் பெருவிருப்புடையவன். அவனை அப்பிங்ஹாம் என்னும் பேர்பெற்ற பாடசாலைக்கு அனுப்பிய தந்தையார், அவன் பல்கலைக்கழகம் செல்ல வேண்டுமென்பதில் ஐயம் கொண்டதில்லை. மகளுக்கோ பாடசாலைப் படிப்பு முடிந்தவுடன் வீட்டிலிருந்து நடனம், தேநீர் விருந்து, ரெனிஸ் ஆட்டம் ஆகியவற்றிற் பொழுதைப் போக்கி, தக்க மாப்பிள்ளை வரும்வரை காத்திருப்பதே கடமையெனக் கருதப்பட்டது.

அக்காலத்து ஆங்கில நடுத்தர வகுப்பில் மணமாகாத பெண் ஓர் இளைஞனோடு தனித்துப் பேசுவதும், துணையின்றிப் புகையிரதத்திற் செல்வதும் ஒழுக்கக் குறைவாக எண்ணப்பட்டன. வீரா தன் காதலனைச் சந்தித்த ஆரம்ப நாள்களில் உடன் ஓர் உறவுப் பெண்மணி காவலுக்கு அமர்ந்திருந்தார். மேல்நாட்டார் இவ்விடயத்தில் என்றும் கட்டற்றவராகவே இருந்தனர் என எண்ணுவோர் நம்மிடையே உளர், அவ்வெண்ணம் தவறானது. தமிழ் நேயர்களுக்கு இவ்வழக்கத்தைப் பற்றி மேலும் விளக்கவேண்டியதில்லை.

வீரா இவ்வாழ்க்கைக்கு அடங்கவில்லை. பக்ஸ்ரனில் நடைபெற்ற பல்கலைக்கழகப் புறச்சொற்பொழிவுகளைக் கேட்டு ஊக்கமுற்று, வீட்டிலிருந்தவாறே பயின்று, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துச் சமவில் கல்லூரியில் ஓர் உதவிச் சம்பளத்தோடு இடம் பெற்றாள். பெண்கள் அங்கே பாடம் கேட்கலாம், பரீட்சை எழுதலாம். ஆனாற் பட்டம் பெற இயலாது. அந்த உரிமை 1920 ஒக்டோபரிலேதான் வழங்கப்பட்டது.

1914 யூலையில் அப்பிங்ஹாம் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குத் தாயாருடன் வீரா சென்றாள். அங்கே எட்வேட், றோலண்ட் லேற்றன், விக்டர் றிச்சட்சன் என்னும் மூவரும் பிரியாத நண்பர். றோலண்ட் அன்று பரிசுகள் பலவற்றைத் தட்டிக்கொண்டவன், கவிதை எழுதுபவன். பெண்களின் உரிமைகளைப் பற்றி அக்கறையோடு பேசிய முதலாவது இளைஞனாக அவனை வீரா கண்டாள். ஒலிவ் சிறெய்னர் என்னும் தென்னாபிரிக்கப் பெண் எழுத்தாளரின் நாவலொன்றை அவன் அவளுக்குப் பரிசாக அனுப்பியிருந்தான். காதல் அந்தப் புத்தகத்தோடு தொடங்கியது எனலாம். மாணவர் யாவரும் இராணுவப் பயிற்சிப் படையின் சீருடையில் அணிவகுத்து நின்றனர். நாட்டுக்குப் பயன்படாத வாழ்வு வாழ்வன்று என்னும் பொருள்படத் தலைமையாசிரியர் பேசினார். பெற்றோர் கைதட்டினர். ஒரு மாதத்துக்குள் போர் மூண்டது.

இங்கே ஓர் உண்மையை மறையாது கூறுதல் வேண்டும். வீரா பிற்காலத்திற் போரை முற்றாக வெறுத்தவர் என்பதனால், ஆதிதொட்டே அவர் அவ்வாறிருந்தார் என எண்ணிவிடுதல் எளிது. அவருடைய நாட்குறிப்பு அவ்வாறு கூறவில்லை. பதினெட்டு வயதான எட்வேட் படையிற் சேரத் தந்தையாரின் இசைவு வேண்டியிருந்தது. தந்தையார் கண்டிப்பாக மறுத்தார். வீட்டிற் பல நாள் வாக்குவாதம் நடந்தது. வீரா தம்பியின் பக்கமே நின்றாள். அத்தகைய பாடசாலையிற் படியாத தந்தைக்கு மானம் என்பதன் பொருள் விளங்காது எனவும் நாட்குறிப்பில் எழுதினாள். இறுதியில் இசைவு கிடைத்தது. மூதின்முல்லைத் துறைப் பாட்டுக்களைப் பள்ளியிற் கற்று, மகனைக் களத்துக்கு அனுப்பிய மறக்குடித் தாயரை வியந்து வளர்ந்த நமக்கு அந்த இருபது வயதுப் பெண்ணின் மனநிலை அயலானதன்று. ஆனாற் பாட்டில் வரும் தாய் அந்நிலையிலேயே நின்றுவிடுகிறாள். வீரா அதன் பின் நிகழ்ந்தவற்றையும் காண நேர்ந்தது.

றோலண்டுக்குக் கண்பார்வை குறைவு. முதலிற் படையினர் அவனை ஏற்கவில்லை. பலமுறை முயன்று இடம் பெற்று, 1915 மார்ச் இறுதியிற் பிரான்ஸ் சென்றான். ஒக்ஸ்போட்டில் இலக்கியம் கற்றுக்கொண்டிருந்த வீராவுக்கும் அவனுக்கும் இடையே இனிக் கடிதங்களே வாழ்வு. பிரித்தானியப் படையின் தபாற் சேவை வியக்கத்தக்கது. இங்கிலாந்திலிருந்து போன கடிதம் ஏறக்குறைய இரண்டு நாளிற் பதுங்குகுழிக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரண வீரர் எழுதிய கடிதங்களை அவர்தம் அதிகாரிகள் வாசித்துத் தணிக்கை செய்தனர். அதிகாரிகளோ தம் நேர்மைக்குத் தாமே பொறுப்பாகத் தம் கடிதங்களை அனுப்ப முடிந்தது. றோலண்ட் அதிகாரி; ஆதலால் அவனாற் பெரும்பாலும் மனந்திறந்து எழுத முடிந்தது. இந்தத் தபால் விரைவில் ஒரு கொடுமையும் இருந்தது. இன்று கையிலுள்ள கடிதத்தை எழுதியவன் நேற்றுவரை உயிரோடிருந்தான் என்பது மட்டுமே அதிலிருந்து தெரியவரும்.

பெல்ஜிய எல்லையிலுள்ள ஒரு காட்டிற் பறித்த வயலற் பூக்களை அவன் ஏப்ரில் மாதத்திற் கடிதத்தில் வைத்து அனுப்பினான். அப்பூக்கள் இறந்த வீரனொருவனின் தலைமாட்டில் மலர்ந்திருந்தவை. அச்செய்தியை அவன் அப்போது தெரிவிக்கவில்லை. அதைப் பற்றி ஒரு கவிதை எழுதி வைத்திருந்து, ஓகஸ்ட் மாதத்து விடுமுறையிலேதான் காட்டினான். பெண்ணுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்ற தயக்கம் அவனிடமும் இருந்தது. வீராவோ யாவற்றையும் சொல்லுமாறு வற்புறுத்தினாள். செப்டெம்பரில் அவன் அந்தத் தயக்கத்தை விட்டான். சிதைந்த பதுங்குகுழிகளிடையே கிடந்த எலும்பையும் கந்தையையும் விவரித்து, போரைப் பொன்னான காரியமெனப் போற்றுவோர் வந்து இதனைப் பார்க்கட்டும் என்னும் கருத்துப்பட எழுதினான். ஓராண்டுக்கு முன் வீரத்தைக் கவிதையாகக் கண்டவன் அவன். அக்கடிதத்தைப் பெற்றவளும் அவனோடு சேர்ந்தே அந்தத் தூரத்தைக் கடந்தாள்.

புத்தகப் படிப்பு அவளுக்குக் கசந்தது. சமவில் கல்லூரிக் கட்டடமே 1915இல் இராணுவ வைத்தியசாலையாக மாற்றப்பட்டு, மாணவியர் வேறு கல்லூரியின் ஒரு பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவ்வாண்டு கோடையில் வீரா கல்லூரியை விட்டு நீங்கித் தாதியாகச் சேர்ந்தாள். அவள் சேர்ந்தது தொண்டர் உதவிப் பிரிவு என்னும் அமைப்பிலாகும். அது 1909இல் நிறுவப்பட்டது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற பெண்கள் இதன்வழி வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். இராணுவ வைத்தியசாலைகளில் இவர்களுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்தது 20 பவுண். பல ஆண்டு பயின்று தேர்ந்த தாதியர் இவர்களைக் கண்டு முகஞ்சுளித்தனர். அது முற்றிலும் அநீதியுமன்று. செல்வர் வீட்டுப் பெண்கள் ஓரிரு மாதத்திற் கற்றுக்கொண்டு வந்து, தம் வாழ்க்கைத் தொழிலைச் செய்ய முற்படுவதை அவர்கள் எங்ஙனம் பொறுப்பர்? வீரா முதலிற் பக்ஸ்ரனில் உள்ள டெவன்சயர் வைத்தியசாலையிற் பணி செய்தாள். பின்னர் இலண்டனில் கம்பவெல் பகுதியிலிருந்த முதலாம் இலண்டன் பொது வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டாள்.

அதுவரை வளர்ந்த ஆடவன் ஒருவனின் உடலை அவள் கண்டவளல்லள். உடலைப் பற்றிப் பேசுவதே இழுக்கென வளர்க்கப்பட்டவள், இப்போது ஒரு நாளிற் பலரின் உடலைக் கழுவினாள், புண்ணைத் துடைத்தாள், மலசலப் பாத்திரம் எடுத்தாள். இதனால் அவள் நாணம் கெட்டவளாகவில்லை. வீண் கூச்சமும் அதனோடு கலந்திருந்த அச்சமும் நீங்கின என்றும், ஆண்மக்களிடத்துப் பரிவு பிறந்தது என்றும், அதற்காகத் தான் நன்றியுடையவள் என்றும் பின்னாளில் எழுதினார். றோலண்டுக்குத் தன் கையாற் செய்ய முடியாத பணியை அவனைப் போன்ற மற்றொருவனுக்குச் செய்வதாகவே அவள் எண்ணினாள். சுரங்கத் தொழிலாளியும் கமக்காரனும் ஆலைத் தொழிலாளியும் அவ்விடத்தில் அவளுக்கு நண்பராயினர். போரில்லையேல், கடதாசி ஆலை முதலாளியின் மகள் அவர்களுள் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாள்.

1915 ஓகஸ்ட் விடுமுறையில் வீராவுக்கும் றோலண்டுக்கும் மண உறுதி செய்யப்பட்டது. சென் பன்கிறஸ் புகையிரத நிலையத்தில் அவர்கள் பிரிந்தனர். அடுத்த விடுமுறை நத்தாருக்கு வரும் எனத் தெரிந்தது. அவனை வரவேற்கக் கடற்கரை நகரான பிறைற்றனில் ஒரு விடுதியில் வீரா காத்திருந்தாள். நத்தார் நாள் கழிந்தது, அவன் வரவில்லை. கப்பல் தாமதித்திருக்கும் என எண்ணினாள். டிசம்பர் 26ஆம் நாட்காலை தொலைபேசியிற் பேசுமாறு அழைத்தனர். அவன் வந்து சேர்ந்த செய்தியாகும் என ஓடிச்சென்று கேட்டாள். 22ஆம் நாளிரவு நிலவொளியில் முள்வேலியைத் திருத்தச் சென்றவிடத்துச் சுடப்பட்டு, 23ஆம் நாள் லூவன்கூர் என்னும் இடத்து வைத்தியசாலையில் அவன் இறந்துவிட்டான் என்பதே செய்தி. வயது இருபது.

சில வாரத்தின் பின் அவன் அணிந்திருந்த உடுப்புகள் பொதியாகப் பெற்றோரின் வீட்டுக்கு வந்தன. படை அலுவலர் அவற்றை ஒழுங்காகக் கட்டி அனுப்பியிருந்தனர். வீரா அங்கே சென்றிருந்த வேளை அப்பொதி அவிழ்க்கப்பட்டது. துளைபட்ட மேற்சட்டையும், இரத்தக் கறையும், உலர்ந்த சேறும் காணப்பட்டன. அச்சேற்றின் நாற்றம் அவளுக்குச் சாதாரண மண்ணின் நாற்றமாய்த் தோன்றவில்லை. அவற்றை அப்பாற்படுத்துமாறு தாயார் வேண்டிக்கொண்டார். மகனை இழந்த வீட்டுக்கு ஒரு பொதியை அனுப்பிவைக்கும் நடைமுறையில் எவரும் தீங்கு கருதியிருக்கமாட்டார். ஆயினும் பெருமை, புகழ், தியாகம் என்று மேடைகளிற் பேசப்பட்ட சொற்களுக்கு மறுமொழியாக அப்பொதி வந்தது. அவ்வறையில் நின்றவர் யாரும் அதனை மறந்திலர்.

அடுத்த ஆண்டு யூலை முதலாம் நாள் சோம் நதிப் போர் தொடங்கியது. அன்றே எட்வேட் காயமுற்றான். காயப்பட்ட அதிகாரிகள் கப்பலாலும் புகையிரதத்தாலும் இலண்டன் வந்தபோது, எவ்வித ஏற்பாடுமின்றி அவன் தன் தமக்கை பணிசெய்த அதே வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தான். அக்களத்திற் காட்டிய துணிவுக்காக அவனுக்கு இராணுவச் சிலுவை என்னும் விருது வழங்கப்பட்டது. அவனைத் தேடி வந்த நண்பரால் வீராவின் நட்பு வட்டமும் விரிந்தது. விக்டர் முன்னரே அறிமுகமானவன். மற்றவன் ஜெவ்றி தேர்லோ, எட்வேட்டின் படைத்தோழன். கூச்சமுள்ளவன், சண்டைக்கு அஞ்சுபவன். அஞ்சுவதை ஒளிக்காமற் கடிதத்தில் எழுதியவன். 1916 தொடக்கத்தில் அவன் காயமுற்று இலண்டனிற் கிடந்தபோது வீரா சென்று பார்த்தாள். அன்றுமுதல் நட்பு வளர்ந்தது. காதலென்று எவரும் பெயரிட முடியாத நட்பு அது. ஆணும் பெண்ணும் அவ்வாறு பழகலாம் என்பதனையே போருக்கு முந்திய பக்ஸ்ரன் நகர் ஒப்புக்கொண்டிராது.

1916 செப்டெம்பரில் வீரா பிறித்தானிக் என்னும் பெரிய வைத்தியசாலைக் கப்பலிற் புறப்பட்டு, வழியில் வேறு கப்பல் மாறி, மால்ற்றாத் தீவை அடைந்தாள். அக்கப்பல் நவம்பர் 21ஆம் நாள் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. மால்ற்றாவில் வெயிலும் கடலும் பூக்களும் இருந்தன. நோயாளர் தொகை அதிகமில்லை. கடிதங்கள் மட்டும் சுணங்கி வந்தன. இவ்வமைதியிடையே 1917 ஏப்ரில் மாதத்து நிகழ்ச்சிகள் அவளை வந்தடைந்தன. 9ஆம் நாள் அராஸ் போரில் விக்டர் தலையிற் சுடப்பட்டு இரு கண்ணும் இழந்தான். 23ஆம் நாள் ஜெவ்றி கொல்லப்பட்டான். அதற்கு மூன்று நாள் முன்பு அவன் வீராவுக்கு எழுதிய கடிதத்தில், வேளை வரும்போது தான் தளராதிருக்க வேண்டும் என்னும் கவலையே மேலோங்கி நின்றது. அவனுடைய உடல் கிடைக்கவில்லை. அராஸ் நகரத்து நினைவுச் சின்னத்திற் பெயர் மாத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது.

வீரா ஒரு முடிவுக்கு வந்தாள். பணியை விட்டு வீடு திரும்புவது, கண்ணிழந்த விக்டரை மணந்து அவனுக்குத் துணையாவது என்பதே அம்முடிவு. றோலண்டின் நினைவை அவனோடு பகிர்ந்து வாழலாம் என்றும் எண்ணினாள் போலும். அது அன்பா, கடமையா, துயரத்தின் விளைவா என்று அவரே பின்னாளில் உறுதியாகக் கூறவில்லை. அந்த விருப்பத்தை அவன் ஏற்றிருப்பானா என்பதும் தெரியாது. மே மாத முடிவில் இலண்டன் வந்து பத்து நாளளவு அவனருகே இருந்தாள். யூன் 9ஆம் நாள் விக்டர் இறந்தான்.

எஞ்சியவன் எட்வேட் ஒருவனே. அவன் உடல்நலம் பெற்று மீண்டும் பிரான்ஸ் சென்றான். அவனுக்கு அருகே இருக்கும் பொருட்டு வீராவும் பிரான்சுக்குப் போக வேண்டினாள். 1917 ஓகஸ்டில் எற்றாப்பிள் என்னும் கடற்கரைப் பாசறையில் அமைந்த 24ஆம் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே அவளுக்குக் கொடுக்கப்பட்ட முதற்பணி, காயமுற்றுச் சிறைப்பட்ட ஜேர்மானிய வீரரைப் பராமரிப்பது.

வீராவின் வரலாற்றிற் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அவளது காதலனைச் சுட்டவர், நண்பர் இருவரை மாய்த்தவர், தம்பியைக் காயப்படுத்தியவர் ஆகியோரின் இனத்தவரே அக்கட்டில்களிற் கிடந்தனர். அவர்கள் அவளைத் தீங்கு செய்வார்களோ என்னும் அச்சம் முதல் நாளில் இருந்தது. உள்ளே சென்று பார்த்தபோது அஞ்சுதற்குரியவர் எவருமிலர். பலர் இறக்குந் தறுவாயில் இருந்தனர்; தண்ணீர் கேட்பதற்கும் வலுவற்றவர். குடல் வெளிப்பட்டவனும், கால் அறுக்கப்பட்டவனும், தாயை அழைத்து அரற்றுபவனுமாய் அந்த மண்டபம் நிறைந்திருந்தது. அவள் அறிந்திருந்த சிறிதளவு ஜேர்மன் மொழி அங்கே பயன்பட்டது. இங்கிலாந்துக்கு மாற்றப்படவிருந்த பிரஷிய அதிகாரி ஒருவன் விடைபெறும்போது எலும்பும் தோலுமான கையை நீட்டி, அரைகுறை ஆங்கிலத்தில் நன்றி கூறினான். பகைவனோடு கைகுலுக்குவது தகாது என்னும் எண்ணம் ஒரு கணம் தடுத்தது. ஊழியர் பார்ப்பார்களோ என்னும் பயமும் எழுந்தது. ஆயினும் அக்கையைப் பற்றினாள். அவ்வேளையில் போர்முனையில் எட்வேட் அவனுடைய நாட்டவரைக் கொல்ல முயன்றுகொண்டிருந்தான். தம்பி ஆக்க முற்பட்ட காயத்தைத் தமக்கை ஆற்ற முற்படுவது எவ்வகை அறிவுடைமை என்ற வினா அவள் மனத்தில் எழுந்தது. அதற்கு எந்தத் தலைமையாசிரியரும் விடை கூறியதில்லை.

பின்னர் நச்சுவாயுவால் எரிந்த வீரரையும் அவள் பராமரித்தாள். கண்ணிமைகள் ஒட்டி, உடலெங்கும் கொப்புளம் கண்டு, மூச்சுக்குத் திணறுவோரைப் பார்த்துவிட்டு, எத்துணை காலமாயினும் போர் தொடரவேண்டுமென வீட்டிலிருந்து பேசுவோர் இவர்களுள் ஒருவனைப் பார்த்தாற் போதும் என்னும் கருத்தைத் தாயாருக்கு எழுதினாள். 1918 மார்ச் 21ஆம் நாள் ஜேர்மானியர் பெருந்தாக்குதல் தொடங்கியதும், காயமுற்றோர் வெள்ளம்போல் வந்தனர். அந்த நெருக்கடியின் நடுவே தந்தையாரிடமிருந்து கடிதம் வந்தது. தாயார் நோயுற்றிருக்கிறார், வீட்டுக்கு வருவது மகளின் கடமை என்று அவர் எழுதியிருந்தார். எட்வேட்டுக்கு அவ்வாறான கடிதம் எழுத எவரும் நினைத்திருக்கமாட்டார். இரவும் பகலும் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்த தாதி, இலண்டன் வீட்டில் வேலைக்காரரை மேற்பார்வை செய்யும் மகளாக ஏப்ரிலிற் திரும்பினாள். அம்மாற்றத்தின் கசப்பு அவரது நூலில் நெடுகத் தெரிகிறது. பெற்றோரின் பக்கத்து நியாயத்தை அவர் அவ்வளவு நின்று நோக்கவில்லை என்பதும் சொல்லத்தக்கதே. அவர்களும் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தந்திக்கு அஞ்சி நாள்களைக் கழித்தவர்கள்.

எட்வேட்டின் படைப்பிரிவு 1917 நவம்பரில் இத்தாலிக்கு மாற்றப்பட்டிருந்தது. பிரான்சைப் போலன்றி அங்கே மலையும் பைன்மரக் காடும் அமைதியும் இருந்தன. 1918 யூன் 15ஆம் நாள் அசியாகோ மேட்டுநிலத்தில் ஒஸ்திரியர் திடீரெனத் தாக்கினர். இழந்த பதுங்குகுழியை மீட்ட சண்டையில் எட்வேட் தலையிற் சுடப்பட்டு இறந்தான். வயது இருபத்திரண்டு. தந்தி ஒரு வாரத்தின் பின் வந்தது. அவனை அனுப்பும்படி தந்தையாரோடு வாதாடிய நாளிலிருந்து நான்காண்டு நிறைவதற்குச் சில வாரமே இருந்தது.

நவம்பர் 11ஆம் நாள் போர் முடிந்தது. இலண்டனில் மில்பாங்க் பகுதியிலிருந்த இராணுவ வைத்தியசாலையில் வீரா மருந்துப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே வெடிமுழக்கமும் ஆரவாரமும் கேட்டன. அவள் பாத்திரங்களைத் தொடர்ந்து கழுவினாள். வெற்றியைப் பகிர்ந்துகொள்ள அவளுக்கு நண்பர் எவரும் எஞ்சவில்லை.

வீரா பிரிற்றன் 1919இல் ஒக்ஸ்போட்டுக்குத் திரும்பினார். இலக்கியத்தை விட்டு வரலாற்றைத் தெரிந்தெடுத்தார். இப்பேரழிவு எங்ஙனம் நேர்ந்தது என அறிந்துகொள்ளும் விருப்பமே அதற்குக் காரணம். உடன் பயின்ற இளைய மாணவியருக்குப் போர் பழங்கதையாகிவிட்டது. அதைப் பற்றிப் பேசுபவரை அவர்கள் விரும்பவில்லை. அத்தனிமையில் அவருக்குக் கிடைத்த தோழி வினிபிறெட் ஹோல்ற்பி. இருவரும் 1921இல் அசியாகோவுக்கும் லூவன்கூருக்கும் சென்று கல்லறைகளைக் கண்டனர்.

அவர் தம் வரலாற்றை நாவலாக எழுத முயன்றும் அது கைகூடவில்லை. இறுதியில் உள்ளதை உள்ளவாறே எழுதி 1933 ஓகஸ்டில் வெளியிட்டார். அந்நூலின் பெயரை 'இளமையின் சாசனம்' எனத் தமிழிற் கூறலாம். மூலத்திலுள்ள ஆங்கிலச் சொல் சாட்சியம் என்றும், இறப்பவர் எழுதிவைக்கும் மரணசாசனம் என்றும் இரு பொருள் தருவது. முதற் பதிப்பின் 3000 பிரதிகளும் வெளிவந்த அன்றே விற்றுத் தீர்ந்தன. அதற்குமுன் பேசப்பெற்ற போர் நூல்கள் ஆடவரின் நூல்கள். இந்நூலின் பின்னரே, காத்திருந்தவரும் பராமரித்தவரும் போரிற் பங்குகொண்டவரே என்பதைப் பலரும் ஏற்றனர்.

நூலிற் குறையும் உண்டு. நால்வரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், அதிகாரிகள். அவர்களுடைய ஒவ்வொரு கடிதமும் அங்கே போற்றப்படுகிறது. அவர் கழுவிக் கட்டிய சாதாரண வீரருக்கோ பெயரில்லை. மேலும் 1933இல் எழுதியவரின் அறிவு 1914இன் பெண்ணிடம் இருந்ததுபோலச் சிலவிடத்துத் தோன்றுகிறது. ஆதலால் அந்நூலை வாசிப்போர் 1981இல் வெளிவந்த அவருடைய போர்க்கால நாட்குறிப்பையும், 1998இல் வெளியிடப்பட்ட ஐவரின் கடிதத் தொகுப்பையும் சேர்த்து வாசித்தல் நன்று. நூல் வருந்தும் இடங்களில் நாட்குறிப்பு பெருமிதம் கொள்கிறது. அம்முரண்பாட்டை அவர் அழித்துவிடாமல் நாட்குறிப்பைப் பேணிவைத்தமையே அவரது நேர்மைக்குச் சான்று.

1937இல் அவர் போரெதிர்ப்புச் சங்கத்திற் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில், நாசி ஆட்சியை வெறுத்தபடியே, ஜேர்மானிய நகரங்களிற் குடிமக்கள்மீது குண்டு வீசுவதை எதிர்த்து 1944இல் எழுதினார். அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசைமொழி கேட்டார். அந்நூலை எழுதிய கை, எற்றாப்பிளில் ஜேர்மானியன் ஒருவனின் கையைப் பற்றிய அதே கை. போர் முடிந்தபின் கிடைத்த நாசி ஆவணமொன்றில், இங்கிலாந்தைக் கைப்பற்றியதும் சிறைப்படுத்த வேண்டியோர் பட்டியலில் அவர் பெயரும் காணப்பட்டது. 1949 டிசம்பரில் இந்தியா வந்து, சாந்திநிகேதனத்திலும் சேவாகிராமத்திலும் நடைபெற்ற உலக சமாதானவாதிகள் மாநாட்டிற் கலந்துகொண்டார்.

அவர் 1970 மார்ச் 29ஆம் நாள் காலமானார். அவருடைய விருப்பப்படி அவ்வாண்டு செப்டெம்பரில் மகள் சேர்லி வில்லியம்ஸ் அவரது அஸ்தியை இத்தாலிக்குக் கொண்டுசென்று, அசியாகோ மேட்டுநிலத்துக் கிறனேற்சா மயானத்தில் எட்வேட்டின் கல்லறைமீது தூவினார்.